கேபிளை நிறுத்தியாச்சு, ஆண்டெனா மாட்டியாச்சு, சேனல் 8 மட்டும் வரமாட்டேங்குது (டல்லஸ்)

#1 ஃபிரிஸ்கோவாசி

மக்களே, வணக்கம். கேபிள் டிவியை ஒருவழியா நிறுத்திட்டேன். பில்லுல ‘பிராட்காஸ்ட் டிவி ஃபீ’ன்னு இருபது டாலருக்கு மேல தனி வரி, அதுக்குக் கீழ ‘ரீஜனல் ஸ்போர்ட்ஸ் ஃபீ’ன்னு இன்னொரு வரி. காத்துல சும்மா வர்ற சேனலுக்கு என்னத்துக்குக் காசுன்னு போன் போட்டுக் கேட்டா, “சேனல்காரங்க எங்ககிட்ட வாங்குறாங்க சார், நாங்க உங்ககிட்ட வாங்குறோம்”னு பதில். பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டு இன்டர்நெட்டை மட்டும் வெச்சுக்கிட்டேன்.

தமிழ் சேனலுக்கு ஆப் இருக்கு, அதுல குறை இல்ல. லோக்கல் சேனலுக்குத்தான் ஜன்னல்ல ஒட்டுற தட்டை ஆண்டெனா ஒண்ணு வாங்கினேன். டப்பா மேல ‘250 மைல்’னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். ஸ்கேன் பண்ணினா 4, 5, 11, 13, 21, 27, 33 எல்லாம் பளிச்சுனு வருது. ஸ்பானிஷ் சேனல், சர்ச் சேனல், பழைய கௌபாய் சீரியல் ஓடுற சேனல்னு கேக்காததெல்லாம் வருது. 8 மட்டும் ‘நோ சிக்னல்’. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் சில நாள் திடீர்னு தலைகாட்டும், கட்டம் கட்டமா உடையும், போயிடும். ஏபிசி (நாடு முழுக்க ஓடுற பெரிய டிவி நெட்வொர்க்) அதுலதான். வேற ஆண்டெனா வாங்கணுமா, இல்ல பூஸ்டர் போட்டா போதுமா?

#2 சும்மா_வந்தேன்

ப்ரோ, சீரியஸா கேக்குறேன். நம்ம வீடுகள்ல யாரு ஏபிசி பாக்குறா? ஆண்டெனா, பூஸ்டர், கேபிள் வயர்னு அலையுறதுக்கு பேசாம ஏதாவது ஸ்ட்ரீமிங் போட்டுட்டுப் போங்க. காலம் எங்கயோ போயிடுச்சு.

#3 பழையரேடியோ

தம்பி, பூஸ்டர் வாங்காதீர்கள். முதலில் நான்கு கேள்விகள். ஆண்டெனா எந்தத் திசை ஜன்னலில் இருக்கிறது? கீழ்த்தளமா மாடியா? ஜன்னல் கண்ணாடி புதுவகை, வெயிலைத் தடுக்கும் பூச்சுப் போட்டதா? டிவிக்குப் பக்கத்தில் என்னென்ன மின்சாதனங்கள் இருக்கின்றன?

நீங்கள் பதில் எழுதும்வரை ஒரு விஷயம். டல்லஸ்–ஃபோர்ட் வொர்த் சேனல்களில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: சீடர் ஹில். டல்லஸுக்குத் தென்மேற்கே மேட்டு நிலம், அதன்மேல் ஆயிரத்து ஐந்நூறு அடியைத் தாண்டிய கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. நெடுஞ்சாலை 67-இல் போனால் சிவப்பு விளக்குகள் தெரியும். நியூயார்க்கிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ இருப்பவர்கள் கட்டடங்களோடும் மலைகளோடும் மல்லுக்கட்ட வேண்டும். நமக்குத் தரை சமம், கோபுரம் உயரம், திசை ஒன்று. ஃபிரிஸ்கோவிலிருந்து ஏறக்குறைய நாற்பது மைல், நேர் தெற்கு, துளி மேற்கே சாய்ந்து. இதைவிட வசதி வேறு ஊருக்கு வாய்க்காது.

‘250 மைல்’ என்று போட்டவனுக்குப் பூமி உருண்டை என்பது தெரியாது. எழுபது எண்பது மைலுக்கு அப்பால் சாதாரண வீட்டு ஆண்டெனாவுக்குக் கோபுரமே தொடுவானத்துக்குக் கீழே போய்விடும்.

#4 அலன் பாட்டி

சும்மா_வந்தேன், எங்க வீட்டுல பாக்கறோம். பேத்திக்கு 13.2, அதாவது 13-ஓட துணைச் சேனல். நாள் முழுக்கக் குழந்தைகள் நிகழ்ச்சி, நடுவுல பொம்மை விளம்பரம் கிடையாது. டேப்லெட்டைக் குடுத்தா அது பாட்டுக்கு அடுத்தது அடுத்ததுன்னு எங்கயோ போயிடறது. இதுல போட்டதுதான் ஓடும்.

எனக்கு வானிலை. 2019 அக்டோபர் 20 ராத்திரி டொர்னாடோ வடக்கு டல்லஸைப் பிச்சுப் போட்டப்போ இன்டர்நெட் எங்களுக்கு முதல்ல போச்சு. 2021 பிப்ரவரி பனியில கரண்டே போச்சு. பேட்டரியில ஓடற சின்ன டிவி ஒண்ணு வெச்சிருக்கேன், அதுக்குக் குச்சி ஆண்டெனா. எந்தத் தெருவுல காத்து சுத்தறதுன்னு மேப்போட சொல்லுவா. போன்ல வர்ற எச்சரிக்கை சத்தம் மட்டும் போடும், எங்க ஒளியணும்னு இவாதான் சொல்லுவா.

#5 ஃபிரிஸ்கோவாசி

@பழையரேடியோ சார், நன்றி. ஹால் கீழ்த்தளம். ஜன்னல் பின்பக்கம், அது வடக்கு! புது வீடு, கண்ணாடி அந்தப் பூச்சு வகைதான், பில்டர் பெருமையா சொன்னான். டிவி பக்கத்துல மோடம், கேம் பாக்ஸ். ஹாலும் கிச்சனும் ஒண்ணுதான், நடுவுல சுவர் இல்ல.

ஆனா வடக்கு ஜன்னல்ன்னா 4, 5, 11 மட்டும் எப்படி வருது?

#6 பழையரேடியோ

நல்ல கேள்வி. விடை சேனல் எண்ணில் இருக்கிறது.

திரையில் தெரியும் 4, 5, 11, 13 எல்லாம் பழைய பெயர்ப்பலகைகள். 2009 ஜூன் 12 அன்று அனலாக் ஒளிபரப்பை நாடு முழுக்க நிறுத்தியபோது, நிலையங்கள் காற்றில் வேறு அலைவரிசைக்குப் போய்விட்டன, பெயரை மட்டும் வைத்துக்கொண்டன. ஊரில் பெரிய சேனல்கள் யுஎச்எஃப் என்ற உயர்ந்த அலைவரிசைப் பகுதிக்குப் போயின. 8 மட்டும் உண்மையிலேயே 8-இல் ஒளிபரப்பாகிறது. அது விஎச்எஃப் என்ற தாழ்ந்த அலைவரிசைப் பகுதி, 180 முதல் 186 மெகாஹெர்ட்ஸ்.

இதனால் என்ன? ஆண்டெனா வேலை செய்வது அதன் நீளத்தால். யுஎச்எஃப்பின் அரை அலைநீளம் ஓர் அடி, அதற்கும் குறைவு. உங்கள் தட்டைத் தகட்டுக்குள் இருக்கும் உலோகம் அதற்குப் பொருந்தும். சேனல் 8-இன் அரை அலைநீளம் 32 அங்குலம். அவ்வளவு நீளமான உலோகம் உங்கள் தகட்டில் எங்கே இருக்கிறது? ‘விஎச்எஃப்பும் வரும்’ என்று டப்பாவில் போடுவார்கள், கோபுரம் பக்கத்தில் இருந்தால் வரும்தான். நாற்பது மைலில், வீட்டையே குறுக்கே வைத்துக்கொண்டு வராது.

இன்னொன்று: யுஎச்எஃப் நிலையத்துக்கு 1000 கிலோவாட் வரை அனுமதி உண்டு. விஎச்எஃப்புக்கு அதில் சிறு பங்குதான். தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும் என்பதால் அந்தக் கணக்கு. கூரைமேல் முழு ஆண்டெனா வைத்திருந்த காலத்தில் சரியான கணக்கு.

எட்டு டாலருக்கோ பத்து டாலருக்கோ இரண்டு கொம்பு இழுக்கிற பழைய பாணி ஆண்டெனா ஒன்று வாங்குங்கள். இரண்டு கொம்பையும் படுக்கை வசமாக, நேர்க்கோட்டில் விரியுங்கள். ஒவ்வொன்றும் 15 அங்குலம், அதற்கு மேல் இழுக்காதீர்கள். முழுசாக இழுத்தால் நன்றாக வரும் என்பது பொய். கொம்பின் பக்கவாட்டு தெற்கைப் பார்க்க வேண்டும், நுனி அல்ல. மாடியில் தெற்கு அறையில் வைத்து ஸ்கேன் செய்துவிட்டு எழுதுங்கள்.

#7 கரிசல்காட்டுக்காரன்

கொம்பு ஆண்டெனான்னதும் ஊர் ஞாபகம் வந்துட்டு. தூத்துக்குடி பக்கம் எங்களுக்கு மெட்ராஸ் தூர்தர்ஷன் எட்டாது, கொடைக்கானல் டவர் வர்ற வரைக்கும் ரூபவாஹினிதான். மொட்டை மாடில இரும்புக் குழாய நட்டு, அதுமேல பெரிய மீன்முள்ளு கணக்கா ஆண்டெனா, கீழ பூஸ்டர். சிங்களம் ஒரு எழுத்து தெரியாது, ஆனா விளம்பரம் பூராம் மனப்பாடம். காத்தடிச்சா ஆண்டெனா திரும்பிக்கிடும், எங்க அண்ணன மேல ஏத்தி விட்டுட்டு…

#8 மட்டுறுத்துநர்

ரூபவாஹினி நினைவுகளுக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் உங்கள் அண்ணனைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். இங்கே டல்லஸ் ஆண்டெனா மட்டும்.

#9 கூரைக்காக்கை

எங்க வீடு பிளேனோ. நான் ஆட்டிக்ல (கூரைக்கு அடியில இருக்கிற பரண்ல) மாட்டியிருக்கேன், அதுல ஒரு விஷயத்தை யாரும் சொல்லமாட்டேங்குறாங்க, அதனால எழுதுறேன்.

டெக்சஸ் புது வீடுகள்ல கூரைப் பலகையோட உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டி வரும். ரேடியன்ட் பேரியர்ம்பாங்க, வெயில் சூடு உள்ள இறங்காம இருக்க. ஆட்டிக்ல லைட்டைப் போட்டதும் மேல வெள்ளியா பளபளன்னு தெரிஞ்சா அதேதான். சூட்டைத் தடுக்கிற தாள் டிவி சிக்னலையும் தடுக்கும். அந்த வீட்டுல ஆட்டிக் ஆண்டெனா வெச்சா கிச்சன் ஃபாயில்ல சுத்தி வெச்ச கணக்குதான். என் வீடு 90-கள்ல கட்டினது, மேல வெறும் மரப்பலகை, அதனால தப்பிச்சேன். முக்கோண சுவர்ப் பக்கம் தெற்கா அமைஞ்சு அதுல தாள் ஒட்டாம இருந்தா அங்க முயற்சி பண்ணலாம். செங்கல் வேற தடுக்கும், பாத்துக்கோங்க.

ஆட்டிக்ல ஏறுறதா இருந்தா காலைல ஆறு மணிக்கு ஏறுங்க. ஜூலை மத்தியானம் ஏறினா ஆண்டெனா இருக்கும், நீங்க இருக்கமாட்டீங்க. ஏசி டக்ட் மேல சாய்ச்சு வெக்காதீங்க. அந்த சூட்டுல ப்ரீ-ஆம்ப் (ஆண்டெனாகிட்டயே மாட்டுற பூஸ்டர்) சீக்கிரம் செத்துடும், அது தேவையில்லன்னா போடவே போடாதீங்க.

#10 சும்மா_வந்தேன்

பாத்தீங்களா, பத்து டாலர்ல ஆரம்பிச்சு ஆட்டிக் வரைக்கும் வந்தாச்சு. அடுத்து கூரை, அதுக்கடுத்து எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) நோட்டீஸ். ஃபிரிஸ்கோல வாசல் கதவுக்குப் பெயின்ட் அடிக்கவே பர்மிஷன் வாங்கணும்.

#11 இர்விங்_இரண்டாம்_மாடி

எச்ஓஏ தடுக்க முடியாதுங்க. எஃப்சிசி (ஒளிபரப்பைக் கட்டுப்படுத்துற அமெரிக்க அரசு ஆணையம்) 1996-ல போட்ட விதி இருக்கு, ஓடார்ட்ன்னு சொல்வாங்க. உங்க சொந்தக் கட்டுப்பாட்டுல இருக்கிற இடத்துல லோக்கல் டிவி ஆண்டெனா வெச்சா அசோசியேஷன் தடுக்கவோ, முன்னனுமதி கேட்டு இழுத்தடிக்கவோ கூடாது. டிஷ்ஷுக்குத்தான் ஒரு மீட்டர் அளவு, டிவி ஆண்டெனாவுக்கு அளவுக் கட்டுப்பாடு இல்ல. கம்பம் கூரைக்கு மேல 12 அடியைத் தாண்டினா மட்டும் பாதுகாப்புக்காக பர்மிட் கேக்கலாம். “முன்பக்கம் வேணாம், பின்பக்கம் வைங்க”ன்னு சொல்லலாம், ஆனா பின்பக்கம் சிக்னல் கெடும்னாலோ செலவு ரொம்ப ஏறும்னாலோ அதுவும் செல்லாது.

1999-ல வாடகைக்காரங்களுக்கும் நீட்டிச்சாங்க. என் அபார்ட்மென்ட் பால்கனி எனக்கு மட்டுமானது, அதுக்குள்ள ஸ்டாண்டுல வெச்சிருக்கேன். ஆபீஸ்ல வந்து எடுக்கச் சொன்னாங்க, விதியைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன், அதோட சரி. ஆனா பொதுச் சுவர்ல ஓட்டை போடவோ மொட்டைமாடில மாட்டவோ உரிமை இல்ல. பால்கனிக் கதவிடுக்குல போறதுக்குத் தட்டையான கேபிள் துண்டு விக்குறாங்க.

பூஸ்டர் பத்தி: நான் இருக்கிறது சீடர் ஹில்லுக்கு ரொம்ப கிட்ட. ஆண்டெனாவோட வந்த ஆம்ப்ளிஃபையரைப் போட்டா பாதி சேனல் காணோம், கழட்டினா எல்லாம் வருது. அதிக சிக்னல்ல ட்யூனர் (டிவிக்குள்ள சேனலைப் பிடிக்கிற பகுதி) திணறுது.

#12 ஃபிரிஸ்கோவாசி

அப்டேட். கொம்பு ஆண்டெனா வாங்கி, டேப் வெச்சு 15 அங்குலம் அளந்து, மாடி தெற்கு ரூம்ல வெச்சேன். 8 வந்துடுச்சு!!! 8.1 மட்டும் இல்ல, அதோட துணைச் சேனலும் சேத்து. பிக்சர் கேபிளைவிட நல்லாருக்கு, சும்மா சொல்லல.

இப்போ அதே ஆண்டெனாவைக் கீழ ஹாலுக்குக் கொண்டுவந்து தெற்குப் பக்கச் சுவர்கிட்ட, கிச்சன் ஓரமா வெச்சேன். பகல்ல வருது. சாயங்காலம் ஆனா போயிடுது. சரியா சமையல் நேரத்துல. என்ன கொடுமை இது?

#13 பழையரேடியோ

சமையல் நேரத்தில் கிச்சனில் எந்த விளக்கைப் போடுகிறீர்கள்?

#14 ஃபிரிஸ்கோவாசி

சார், தெய்வமே. அலமாரிக்கு அடியில ஒட்டியிருக்கிற எல்இடி ஸ்ட்ரிப். சுவிட்சைப் போட்டா 8 உடையுது, அணைச்சா வருது. வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டுப் போட்டு அணைச்சுக் காட்டினேன், என்னைப் பைத்தியம்னு நினைக்கிறாங்க. மத்த சேனல் ஒண்ணும் அசையல. ராத்திரி படுத்தப்புறம் தட்டை ஆண்டெனால எட்டிப்பாத்ததும் இதனாலதானா?

#15 பழையரேடியோ

அதனாலேயேதான். எல்இடியில் பல்பு குற்றவாளி அல்ல, அதற்கு மின்சாரம் தரும் சின்னப் பெட்டி. மலிவான பெட்டிகளில் வடிகட்டி இருக்காது, விஎச்எஃப் முழுக்க இரைச்சலைக் கொட்டும். சுவருக்குள் ஓடும் மின்கம்பியே அதற்கு ஆண்டெனா ஆகிவிடும். செல்போன் சார்ஜர், பவர்லைனில் இன்டர்நெட் கடத்தும் அடாப்டர், கராஜ் கதவு மோட்டாரில் போட்ட எல்இடி பல்பு, எல்லாம் இதே ரகம். யுஎச்எஃப்பில் அந்த இரைச்சல் வெகுவாகக் குறைந்துவிடும், அதனால் மற்ற சேனல்கள் தப்பிக்கின்றன.

அனலாக் காலமாக இருந்தால் திரையில் கோடு கோடாக ஓடியிருக்கும், ஏதோ குறுக்கிடுகிறது என்று பார்த்ததும் புரிந்திருக்கும். டிஜிட்டல் கடைசிவரை படத்தைச் சுத்தமாகக் காட்டிவிட்டு ஒரேயடியாக விழுந்துவிடும், காரணம் சொல்லாது. சிக்னல் அளவு பார்க்கும் பக்கம் உங்கள் டிவி மெனுவில் இருக்கும். ‘வலிமை’ என்ற எண்ணை விடுங்கள், ‘தரம்’ என்ற எண்ணைப் பாருங்கள். விளக்கைப் போட்டால் வலிமை அப்படியே நிற்கும், தரம் மட்டும் சரியும்.

மருந்து: ஆண்டெனாவை விளக்கிலிருந்து தள்ளி வையுங்கள். மாடியில் வைத்து கேபிளைக் கீழே கொண்டுவருவதுதான் உங்களுக்கு ஏற்றது. புது வீடென்றால் ஒவ்வொரு அறைக்கும் கோஆக்ஸ் (டிவி கேபிள் வயர்) ஏற்கெனவே ஓடுகிறது. கேபிள் கம்பெனிக்காக இழுத்த அதே ஆர்ஜி6 வயர். அதைச் சும்மாவா விடுவது?

#16 ஸ்கார்பரோத்_தமிழன்

டல்லஸ் ஆக்களுக்கு நடுவில ரொறன்ரோக்காரன் நுழையிறன், குறை நினையாதேங்கோ. எங்கட பக்கம் ஆண்டெனாக்காரர் கனபேர். சிஎன் டவர் தென்மேற்கில, பஃபலோ ஏரிக்கு அங்கால தெற்கில. அதால எங்களுக்கு ஒரே திசையைப் பார்க்கிற ஆண்டெனா காணாது. நான் வீட்டுக் கூரையில ரெண்டு பக்கமும் எடுக்கிற மாதிரிப் பூட்டியிருக்கிறன், அமெரிக்க ஏபிசி, என்பிசி, சிபிஎஸ் எல்லாம் பஃபலோவில இருந்து நேர வரும்.

இதில ஒரு பகிடி இருக்கு. இஞ்ச கேபிளில அமெரிக்க சேனலைப் போட்டாலும் அதுக்கு மேல கனடாச் சேனலைப் பூசிப்போட்டு கனடா விளம்பரம்தான் காட்டுவினம். சூப்பர் பவுலுக்கு (அமெரிக்க ஃபுட்பால் இறுதி ஆட்டம்) மட்டும் அப்பிடிச் செய்யக்கூடாதெண்டு 2017-ல சிஆர்டிசி (கனடா ஒளிபரப்பு ஆணையம்) நிப்பாட்டினது, 2019-ல உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கி எறிஞ்சிட்டுது. ஆண்டெனாவில வாறதுக்கு மேல ஒருத்தரும் ஒண்டும் பூசேலாது. காசு குடுக்கிறவனுக்கு இல்லாதது காசு குடுக்காதவனுக்குக் கிடைக்குது.

#17 சும்மா_வந்தேன்

சரி, ஒத்துக்கலாம், மேட்ச்சுக்கு லாபம். அப்ப கணக்கு சொல்லுங்க. இந்த ஆண்டெனால எந்த மேட்ச் வரும், எது வராது?

#18 கூரைக்காக்கை

வர்றது: கௌபாய்ஸ் (டல்லஸ் ஃபுட்பால் டீம்) ஆட்டம் பெரும்பாலும் ஃபாக்ஸ் 4, சிபிஎஸ் 11, ஞாயித்துக்கிழமை ராத்திரி என்பிசி 5. தேங்க்ஸ்கிவிங் ஆட்டம் 1966-லேர்ந்து பெரும்பாலும் இங்கதான் நடக்குது, லோக்கல் சேனல்தான். 2027 சூப்பர் பவுல் ஏபிசி, அதாவது அந்த 8. மாவரிக்ஸ் (டல்லஸ் பேஸ்கட்பால் டீம்) 2024-ல ஸ்போர்ட்ஸ் கேபிள் சேனலை விட்டுட்டு ஓவர் தி ஏர், அதாவது ஆண்டெனாவுக்கு வந்துட்டாங்க, பெரும்பாலும் 29-ல. ‘ரீஜனல் ஸ்போர்ட்ஸ் ஃபீ’ன்னு கேபிள்காரன் வாங்கினானே, அந்த ஆட்டம் இப்போ சும்மா வருது.

வராதது: கிரிக்கெட். ஒரு பந்துகூட வராது, அதுக்குக் காசு கட்டித்தான் ஆகணும். ஈஎஸ்பிஎன்ல மட்டும் வர்றதும் வராது.

அப்புறம் ஸ்ட்ரீமிங் அரை நிமிஷம், சில சமயம் அதுக்கும் மேல தாமதமா ஓடும். பக்கத்து வீட்டுல கத்துறதை வெச்சு டச்டவுன்னு தெரிஞ்சுக்கிட்டு மேட்ச் பாக்குறது ஒரு பொழப்பா?

#19 இர்விங்_இரண்டாம்_மாடி

ரெக்கார்ட் பண்ணணும்னா டாப்லோ, எச்டிஹோம்ரன் மாதிரி பெட்டி இருக்கு. ஆண்டெனா வயரை அதுல சொருகினா வீட்டு வைஃபைல எல்லா டிவிக்கும் போகும், ரூமுக்கு ரூம் வயர் வேணாம். நான்காம் தலைமுறை டாப்லோவுக்கு மாசக் கட்டணம் இல்ல.

ஆனா ஒரு சந்தேகம். நெக்ஸ்ட்ஜென் டிவி, ஏடிஎஸ்சி 3.0ன்னு புது ஒளிபரப்புத் தரம் ஒண்ணு சொல்றாங்களே, இப்ப ஆண்டெனா வாங்கினா அது வீணாப் போயிடுமா? டிவியை மாத்தணுமா?

#20 பழையரேடியோ

ஆண்டெனா வீணாகாது. அலைவரிசை அதேதான், உலோகத்துக்குத் தலைமுறை கிடையாது. மாறுவது டிவிக்குள் இருக்கும் ட்யூனர்.

எஃப்சிசி 2017-இல் புதுத் தரத்துக்கு அனுமதி கொடுத்தது. டல்லஸ் அதன் ஆரம்பகாலச் சோதனைக் களங்களில் ஒன்று. தொழில்நுட்பம் நல்லது, சந்தேகமில்லை. இப்போதைய 1.0 முறை, சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி இரண்டு மூன்றாக வந்தால் குழம்பும். 3.0 அதைச் சமாளிக்கும். வீட்டுக்குள் வைக்கும் ஆண்டெனாவுக்கு அது பெரிய வித்தியாசம்.

கசப்பு எங்கே என்றால், பல நிலையங்கள் 3.0 ஒளிபரப்பைப் பூட்டி அனுப்புகின்றன. மக்களுக்குச் சொந்தமான காற்றலையை இலவச உரிமமாக வாங்கிக்கொண்டு, அதில் வரும் படத்துக்குச் சாவி போடுவது எந்த ஊர் நியாயம்? எச்டிஹோம்ரன் 3.0 பெட்டி வாங்கியவர்கள் பூட்டிய சேனலைப் பார்க்க முடியாமல் கையைப் பிசைந்தார்கள். எல்ஜி காப்புரிமை வழக்கில் மாட்டி 2024 மாடல் டிவிகளில் அந்த ட்யூனரையே எடுத்துவிட்டது. இந்த நிலையில் அதற்காக இன்று காசு செலவழிக்காதீர்கள். டிவி கெட்டு, புதிது வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

#21 கூரைக்காக்கை

சார், பூட்டு விஷயத்துல எனக்கு உங்க அளவுக்குக் கோவம் இல்ல. ஒளிபரப்பை அப்படியே புடிச்சு இன்டர்நெட்ல விக்குறவன் இருக்கான், அவங்களும் என்னதான் பண்ணுவாங்க?

#22 பழையரேடியோ

திருடனைப் பிடிக்கட்டும். அதற்காக ஊரில் இருக்கிற எல்லாருடைய திண்ணைக்கும் பூட்டுப் போடவேண்டாம். அந்தத் திருடன் பூட்டாத 1.0 ஒளிபரப்பையே பிடித்து விற்கிறான், இந்தப் பூட்டு அவனை என்ன செய்யும்?

#23 மெக்கின்னி_மரநிழல்

இழை பூராவும் படிச்சேன், ரொம்ப உபயோகம். எங்க வீடு மெக்கின்னில, இன்னும் வடகிழக்கே, நாப்பத்தஞ்சு மைல் இருக்கும். தெற்குப் பக்கம் பக்கத்து வீட்டு ஓக் மரம் பெருசா நிக்குது. கொம்பு ஆண்டெனாவுல ஒண்ணும் சரியா வரல. கூரைல போடலாம்னு இருக்கேன். நாலு டிவி இருக்கு. என்ன வாங்கணும்?

#24 பழையரேடியோ

கூரைக்குப் போவது சரி. யுஎச்எஃப், உயர் விஎச்எஃப் (8 இருக்கும் பகுதி) இரண்டும் எடுக்கும் நடுத்தர அளவு ஆண்டெனா, நீளக் கம்பிகள் கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள். நீளக் கம்பி இல்லையென்றால் 8-க்கு உங்கள் கதையும் ஃபிரிஸ்கோவாசி கதைதான். கோடையில் ஈர இலை யுஎச்எஃப்பை விழுங்கும், ஆகவே மரத்துக்கு மேலாகவோ பக்கவாட்டிலோ பார்வை கிடைக்கும் மூலையைத் தேர்ந்தெடுங்கள். ராபிட்இயர்ஸ் இணையதளத்தில் உங்கள் முகவரியையும் உயரத்தையும் கொடுத்தால் ஒவ்வொரு சேனலுக்கும் திசையும் எதிர்பார்க்கும் சிக்னலும் வரும். டப்பாவில் போட்ட மைலை மறந்துவிட்டு அதை நம்புங்கள்.

நாலு டிவி என்பதால் உங்களுக்கு மட்டும் ப்ரீ-ஆம்ப் சொல்வேன். நான்கு வழி ஸ்ப்ளிட்டர் (ஒரு கேபிளை நான்காகப் பிரிக்கும் துண்டு) ஒவ்வொரு கிளைக்கும் 7 டெசிபெல் தின்னும், நூறடி ஆர்ஜி6 இன்னும் ஐந்தாறு தின்னும். அந்த இழப்பை ஈடுகட்ட ஆண்டெனாவுக்குப் பக்கத்திலேயே ப்ரீ-ஆம்ப், கம்பத்தில். டிவிக்குப் பின்னால் வைத்தால் கெட்டுப்போன சிக்னலைப் பெரிதாக்கித் தரும், அவ்வளவே. 600 மெகாஹெர்ட்ஸ் பகுதி செல்போன் கம்பெனிகளுக்கு விற்றாகிவிட்டது, டிவி சேனல் 36-ஓடு முடிகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் செல் டவர் இருந்தால் எல்டிஇ வடிகட்டி (செல்போன் சிக்னலைத் தடுப்பது) உள்ள ப்ரீ-ஆம்ப் வாங்குங்கள். அதற்கு மின்சாரம் கோஆக்ஸ் வழியாகவே ஏறும், எனவே ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் பவர் பெட்டியை வையுங்கள். பின்னால் வைத்தால் மின்சாரம் மேலே போகாமல் போகலாம்.

கம்பத்தையும் கோஆக்ஸையும் எர்த் செய்யாமல் இறங்காதீர்கள். 10 கேஜ் செப்புக் கம்பி, வீட்டின் எர்த் கம்பியோடு இணைய வேண்டும். தனியாக ஒரு குச்சியை மண்ணில் அடித்துவிட்டு ‘எர்த் போட்டாச்சு’ என்பவர்களை நம்பவேண்டாம். மின்கம்பி பக்கத்தில் போனால் ஆள் வைத்துச் செய்யுங்கள்.

#25 மெக்கின்னி_மரநிழல்

ரொம்ப நன்றி சார். இன்னொரு சின்ன விஷயம், சுவருக்குள்ள ஓடுற அந்தப் பழைய கோஆக்ஸ்ல கேபிள் இன்டர்நெட்டும் வருது. அதே வயர்ல ஆண்டெனாவையும் சேத்துடலாமா?

#26 கூரைக்காக்கை

சேக்கவே கூடாது. இன்டர்நெட் சிக்னலும் டிவி சேனலும் ஒரே அலைவரிசைல மோதும், மோடமும் போகும், டிவியும் போகும். வெளிய சுவர்ல இருக்கிற கேபிள் டப்பாவைத் திறந்து மோடத்துக்குப் போற ஒரு வயரைத் தனியா பிரிச்சு விடுங்க. மிச்ச ரூம் வயர்களை மட்டும் ஆண்டெனா ஸ்ப்ளிட்டர்ல சொருகுங்க. எந்த வயர் எந்த ரூமுக்குப் போகுதுன்னு மேல எழுதியிருக்கமாட்டான், ஒவ்வொண்ணா சொருகி டிவில பாத்து மாஸ்கிங் டேப்புல எழுதி ஒட்டிடுங்க. ஆண்டெனாவைத் திருப்பும்போது முழு ஸ்கேன் போடாதீங்க, சில டிவி ஏற்கெனவே புடிச்சதையும் அழிச்சுடும். மெனுல ‘ஆட் சேனல்’ இருந்தா அதுல 8 மட்டும் போட்டுப் பாருங்க.